எத்தனை உடல்கள் வேண்டும்? மியான்மர் மக்கள் உலகத்திடம் கேட்ட உதவி

2021 பிப்ரவரி 27ஆம் தேதி, யாங்கூன் நகரத்து இளைஞர் ஒருவர் முகநூலில் ஒரு கேள்வி எழுதினார். நடவடிக்கை எடுக்க ஐ.நா.வுக்கு எத்தனை உடல்கள் வேண்டும்? மறுநாள் காலை இராணுவ ஆட்சிக்கு எதிரான ஆர்ப்பாட்டத்துக்குப் போன அவர் உயிரோடு திரும்பவில்லை. அந்த ஒரு நாளில் மட்டும் குறைந்தது 18 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிவித்தது. அடுத்து வந்த வாரங்களில் அவருடைய கேள்வி ஊர்வலங்களின் அட்டைகளில் ஏறியது. அதோடு சேர்ந்து இன்னொரு வாசகமும் வந்தது: எங்களுக்கு ஆர்-டூ-பி வேண்டும்.

சர்வதேசச் சட்ட வகுப்புகளிலும் ஐ.நா. அறைகளிலும் மட்டுமே புழங்கிவந்த சொல் அது. 'பாதுகாக்கும் பொறுப்பு' என்று தமிழில் சொல்லலாம். ஒரு நாட்டின் அரசு தன் மக்களையே கொன்று குவித்தால் உலகம் கைகட்டி நிற்காது என்று 2005இல் உலகத் தலைவர்கள் கூடி ஏற்றுக்கொண்ட கொள்கை. துப்பாக்கிக்கு எதிரே மெழுகுவத்தியும் அட்டையுமாக நின்ற மக்கள் அதை எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். வெளிநாட்டுப் படை வந்து இறங்கும் என்று எதிர்பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். யாரும் வரவில்லை. பெயர், இடம், சூழ்நிலை எல்லாம் சரிபார்த்து அரசியல் கைதிகள் உதவிச் சங்கம் வைத்திருக்கும் பட்டியலில், இராணுவத்தாலும் அதன் ஆதரவுப் படைகளாலும் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 2025 தொடக்கத்திலேயே 6,000ஐத் தாண்டிவிட்டது. சரிபார்க்க முடியாத மரணங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஏன் யாரும் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். படை அனுப்புவது, அறிக்கை விடுவது இரண்டைத் தவிர வேறு வழியே இல்லாததுபோல இந்த விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடியவை நிறைய இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் விட்டதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய குற்றம்.

முதலில், நடந்தது என்ன? 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக், போட்டி நடந்த 476 நாடாளுமன்ற இடங்களில் 396ஐ வென்றது. இராணுவத்தின் ஆதரவுக் கட்சிக்கு 33தான் கிடைத்தது. முறைகேடு நடந்தது என்று இராணுவம் சொன்னது. தேர்தல் ஆணையம் மறுத்தது. புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய 2021 பிப்ரவரி 1ஆம் தேதி விடியும் முன்பே சூச்சியும் குடியரசுத் தலைவர் வின் மிந்தும் கைது செய்யப்பட்டார்கள். தலைமைத் தளபதி மின் ஆங் லைங் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்கு அந்த ஜூலையில் 65 வயது முடிந்து ஓய்வு பெற வேண்டிய நேரம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சூச்சியின் மீது முதலில் போட்ட வழக்கு, வாக்கி-டாக்கிக் கருவிகளைச் சட்டவிரோதமாக இறக்குமதி செய்தார் என்பது. பிறகு வழக்கின் மேல் வழக்காகச் சேர்த்து மொத்தத் தண்டனையை 33 ஆண்டுகளாக்கினார்கள். 2023இல் அதில் ஒரு பகுதியைக் குறைத்தார்கள்.

மக்களின் முதல் எதிர்ப்பு சமையலறையிலிருந்து கிளம்பியது. இரவு எட்டு மணி அடித்ததும் வீடு வீடாகப் பானையையும் தட்டையும் அடித்தார்கள். தீய ஆவிகளை விரட்ட அந்த நாட்டில் காலங்காலமாகச் செய்யும் வழக்கம் அது. மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளை விட்டு வெளியேறினார்கள். ஆசிரியர்கள், ரயில்வே தொழிலாளர்கள், வங்கி ஊழியர்கள் பின்தொடர்ந்தார்கள். மார்ச் மாதத்தில் பெண்கள் தங்கள் 'டமேய்ன்' என்ற கைலிகளைத் தெருவின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். பெண்ணின் கீழாடைக்கு அடியில் நடந்தால் ஆணின் பலம் போய்விடும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. ஆயுதம் ஏந்திய சிப்பாய்கள் அதன் கீழே போகத் தயங்கி, நின்று, ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் ஆர்ப்பாட்டக்காரர்கள் தப்பிக்க நேரம் கிடைத்தது.

ஆட்சியாளர்கள் பதிலுக்கு உருவாக்கியது அச்சத்தின் இயந்திரம். அதன் பாகங்களைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் மனித உரிமை மீறல் என்ற தேய்ந்த சொல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பிப்ரவரி 13ஆம் தேதி, வீட்டில் இரவு தங்கும் விருந்தாளி யாராக இருந்தாலும் வார்டு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய விதி திரும்ப வந்தது. தலைமறைவாக இருப்பவருக்கு ஒரு இரவு இடம் கொடுத்த வீட்டுக்காரரும் இதனால் குற்றவாளியானார். மறுநாள் தண்டனைச் சட்டத்தில் 505ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அச்சத்தை உண்டாக்கும், பொய்ச் செய்தி பரப்பும் எந்தப் பேச்சுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை. ஒரு முகநூல் பதிவு போதும். அதற்கும் அடுத்த நாளிலிருந்து இரவு ஒரு மணி முதல் காலை ஒன்பது மணி வரை இணையம் துண்டிக்கப்பட்டது. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது அந்த இருட்டு நேரத்தில்தான். அடையாள அட்டை காட்டாமல், வாரன்ட் இல்லாமல், கதவை உடைத்து வந்தார்கள். இரவில் பிடித்துச் சென்றவரின் உடலை வந்து வாங்கிக்கொள்ளும்படி மறுநாள் காலையில் அழைப்பு வந்த குடும்பங்கள் உண்டு. சூச்சி கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் சிலருக்கு மார்ச் மாதத் தொடக்கத்திலேயே இந்த முடிவு நேர்ந்தது.

மார்ச் 27, இராணுவ தினம். தலைநகர் நேபிடோவில் அணிவகுப்பு நடந்துகொண்டிருந்த அதே நாளில் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2022 ஜூலையில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ ஜேயா தோவும், 1988 மாணவர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான கோ ஜிம்மியும் உட்பட நான்கு பேரைத் தூக்கிலிட்டதாக அரசு அறிவித்தது. அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாட்டில் யாரையும் நீதிமன்றத் தீர்ப்பின்படி தூக்கிலிட்டதில்லை. உடல்களைக்கூடக் குடும்பத்தாரிடம் கொடுக்கவில்லை.

இந்தக் கொடுமை 2021இல் பிறந்ததல்ல. 1962இல் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததிலிருந்தே இராணுவம் தன்னை நாட்டின் சொந்தக்காரனாகப் பார்க்கிறது. சிறுபான்மை இனங்களின் பகுதிகளில் அது பழகிய முறைக்கு 'நான்கு துண்டிப்பு' என்று பெயர். எதிர்த்து நிற்பவர்களுக்கு உணவு, பணம், தகவல், ஆள் ஆகிய நான்கும் போகாமல் அறுப்பது. செயலில் இதன் பொருள் எளிது. கிராமத்தை எரி, நெல்லை எரி, மக்களைத் துரத்து. 1960களில் கரேன் மக்களிடம் தொடங்கியது, ஷான், கச்சின் பகுதிகளுக்குப் போனது, 2017இல் ரக்கைன் மாநிலத்து ரோஹிங்கியாக்கள் மீது இறங்கியது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை கடந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களுக்கு ஓடினார்கள். இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தளபதிகளை விசாரிக்க வேண்டும் என்று ஐ.நா. உண்மை அறியும் குழு 2018இல் சொன்னபோது, பெரும்பான்மை இனமான பாமர் மக்களில் பலர் அதை நம்பவில்லை. 2019 டிசம்பரில் தி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் சூச்சியே நாட்டின் சார்பாக நின்று குற்றச்சாட்டை மறுத்தார்.

2021க்குப் பிறகு அதே நான்கு துண்டிப்பு பாமர் மக்களின் இதயப் பகுதியான சகாயிங்குக்கும் மக்வேக்கும் வந்தது. எரிக்கப்பட்ட வீடுகள் நாடு முழுவதும் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன, பெரும்பாலானவை சகாயிங்கில். அப்போது யாங்கூன் இளைஞர்கள் பலர் ரோஹிங்கியாக்களிடம் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார்கள். அன்று உங்களை நம்பவில்லை என்று எழுதினார்கள். இராணுவத்தை இதுவரை அழைத்துவந்த 'தட்மடா' என்ற பெயரையும் பலர் கைவிட்டார்கள். அதில் ஒட்டியிருக்கும் மரியாதை விகுதியை வெட்டி, வெறும் படை என்று பொருள்படும் 'சிட்-தட்' என்றே இப்போது சொல்கிறார்கள்.

இனி அந்த வாக்குறுதிக்கு வருவோம். 1994இல் ருவாண்டாவில் நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பாதுகாப்புச் சபை அங்கிருந்த அமைதிப் படையைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்தது. மறு ஆண்டு ஸ்ரெப்ரெனிட்சாவில், ஐ.நா.வின் பாதுகாப்புப் பகுதி என்று பெயரிட்ட இடத்திலேயே சுமார் 8,000 போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் பாதுகாக்கும் பொறுப்பு. இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச் சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்தும் மக்களைக் காப்பது அந்தந்த அரசின் கடமை. அது தவறினால் உலக நாடுகள் கூட்டாக முன்வர வேண்டும். ஆனால் கொள்கையை எழுதியவர்கள் ஒரு பூட்டையும் போட்டார்கள். பலப்பிரயோகம் பாதுகாப்புச் சபையின் வழியாகத்தான் நடக்கலாம். அந்தச் சபையில் ஐந்து நாடுகளுக்கு, எந்தத் தீர்மானத்தையும் தனியாகவே தடுக்கும் வீட்டோ அதிகாரம் இருக்கிறது. மியான்மரைப் பற்றிய தீர்மானம் ஒன்றை 2007 ஜனவரியில் சீனாவும் ரஷ்யாவும் சேர்ந்து வீட்டோவால் வீழ்த்தியிருந்தன.

பூட்டை இன்னும் இறுக்கியது லிபியா. 2011 மார்ச் மாதம் பொதுமக்களைக் காக்கப் படை பலத்தைப் பயன்படுத்தப் பாதுகாப்புச் சபை அனுமதித்தது. பத்து நாடுகள் ஆதரவு. சீனா, ரஷ்யா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் வாக்களிக்கவில்லை. ஏழு மாதத்தில் கடாபி கொல்லப்பட்டார். நாடு துண்டு துண்டானது. மக்களைக் காக்கக் கொடுத்த அனுமதியை ஆட்சியைக் கவிழ்க்கப் பயன்படுத்திவிட்டார்கள் என்று சீனாவும் ரஷ்யாவும் குற்றம் சாட்டின. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் சிரியாவின் மக்கள், பிறகு மியான்மரின் மக்கள்.

மியான்மர் விஷயத்தில் ஐ.நா.வின் கணக்கை விரைவாகச் சொல்லிவிடலாம். 2021 பிப்ரவரி 26ஆம் தேதி அந்நாட்டின் தூதர் சியாவ் மோ துன் பொதுச் சபையில் தன்னை அனுப்பிய, கவிழ்க்கப்பட்ட அரசின் பெயரில் பேசி, இராணுவத்தைத் தடுக்கத் தேவையான எந்த வழியையும் கையாளும்படி கேட்டு, எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலை உயர்த்தினார். ஜூன் மாதம் பொதுச் சபைத் தீர்மானம் 119 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தது பெலாரஸ் மட்டும். ஆனால் நாடுகளைக் கட்டுப்படுத்தும் சக்தி அந்தத் தீர்மானத்துக்கு இல்லை. பாதுகாப்புச் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்ற 2022 டிசம்பர் 21 ஆனது. அதிலும் ஆயுதத் தடை இல்லை. சீனா, ரஷ்யாவோடு இந்தியாவும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆசியான் நாடுகள் 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில் மின் ஆங் லைங்கை உட்கார வைத்து ஐந்து அம்ச உடன்பாடு கண்டன. வன்முறையை உடனே நிறுத்துவது முதல் அம்சம். அவர் நாடு திரும்பினார். துப்பாக்கிச் சூடு தொடர்ந்தது.

நியூயார்க்கில் கூடும் இந்தச் சபைகள் மட்டும் காரணமல்ல. ஐ.நா.வுக்கு உள்ளேயே ஒரு நோய் இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு அது புதிதல்ல. சார்லஸ் பெட்ரி என்பவர் மியான்மரில் ஐ.நா.வின் மூத்த அதிகாரியாக இருந்தார். மக்களின் வறுமை மோசமாகிவருவதை வெளிப்படையாகச் சொன்னதற்காக 2007இல் இராணுவ அரசு அவரை வெளியேற்றியது. ஐந்து ஆண்டு கழித்து, இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் ஐ.நா. எப்படி நடந்துகொண்டது என்ற உள்விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் அதே பெட்ரி. கிளிநொச்சியிலிருந்து வெளியேறியதையும், கையிலிருந்த உயிரிழப்பு எண்ணிக்கையை வெளியிடத் தயங்கியதையும், அமைப்பு முழுவதுமே தவறியதையும் அந்த 2012 அறிக்கை எழுதியது. இனி இப்படி நடக்காது என்று சொல்லிப் புதிய நடைமுறைகள் வந்தன. 2019இல் கெர்ட் ரோசன்தால் எழுதிய இன்னொரு அறிக்கை வந்தது. ரோஹிங்கியாக்கள் விரட்டப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில் மியான்மரில் இருந்த ஐ.நா. அமைப்புகள், அரசோடு நல்லுறவு வேண்டும் என்ற தரப்பும் வாய் திறக்க வேண்டும் என்ற தரப்புமாகப் பிளந்து கிடந்ததை அது சொன்னது. அமைப்பு ரீதியான தோல்வி என்ற அதே முடிவுக்குத்தான் அதுவும் வந்தது. இந்த இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

சரி, நடுவழி என்றேனே, அது என்ன?

2023 ஏப்ரல் 11ஆம் தேதி காலை, சகாயிங்கின் பசிஜி கிராமத்தில் இராணுவத்தை எதிர்க்கும் தரப்பின் உள்ளூர் அலுவலகம் ஒன்றின் திறப்புக்காக மக்கள் கூடியிருந்தார்கள். ஜெட் விமானம் குண்டு போட்டது. ஓடியவர்கள் மீது ஹெலிகாப்டர் வந்து சுட்டது. 160க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அந்த விமானம் எங்கே செய்ததோ, அதன் உதிரிப் பாகம் எந்த நாட்டுக் கம்பெனி வழியாக வந்ததோ, பணம் எந்த வங்கி வழியாகப் போனதோ, டாங்கில் ஊற்றிய எரிபொருள் எந்தக் கப்பலில் இறங்கியதோ, எல்லாவற்றுக்கும் தாளில் பதிவு இருக்கிறது. தரைப்படை சோர்ந்துபோன ஓர் இராணுவம் வானத்தை நம்பித்தான் நிற்கிறது. 2023 அக்டோபர் 27இல் மூன்று இனக்குழுப் படைகள் சேர்ந்து தொடுத்த தாக்குதலில் ஷான் மாநிலத்தின் ஊர்கள் வரிசையாகக் கைவிட்டுப் போன பிறகு, 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவ சேவையை அமல்படுத்த வேண்டிய நிலைக்கு அது வந்தது. விமானம் பறக்கவில்லை என்றால் அதன் பலத்தில் பாதி இல்லை.

ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் இந்தப் பதிவுகளைத் தேடி எடுத்து வெளியிட்டார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு குறைந்தது 100 கோடி டாலருக்கு ஆயுதமும் அது சார்ந்த பொருள்களும் மியான்மருக்குப் போயிருந்தன. ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரில் பதிவான நிறுவனங்களிடமிருந்து 25.4 கோடி, இந்தியாவிலிருந்து 5.1 கோடி, தாய்லாந்திலிருந்து 2.8 கோடி. இந்தியப் பட்டியலில் அரசுத் துறை நிறுவனங்களும் இருந்தன. வடகிழக்கு எல்லையின் பாதுகாப்பு, சீனாவின் செல்வாக்கு என்று டெல்லி சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். இந்தப் பொருள்களை விற்பதற்கு அவை காரணமாகா.

அறிக்கை வந்ததும் சிங்கப்பூர் அரசு விசாரணையில் இறங்கியது. ஓராண்டு கழித்து ஆண்ட்ரூஸ் மறுபடியும் கணக்கெடுத்தபோது, சிங்கப்பூர் வழியாகப் போன கொள்முதல் ஆண்டுக்கு 11 கோடி டாலருக்கு மேல் இருந்ததிலிருந்து சுமார் ஒரு கோடிக்கு விழுந்திருந்தது. வங்கிகள் வழியான மொத்த ஆயுதக் கொள்முதலே மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு சின்ன நாடு. ஒரு சிப்பாய் எல்லை கடக்கவில்லை, ஒரு வீட்டோவும் குறுக்கே வரவில்லை. அதே ஓராண்டில் தாய்லாந்து வழியான கொள்முதல் இரு மடங்கானது. ஒரு வாசல் மூடினால் அடுத்த வாசலுக்குப் போவார்கள் என்பது உண்மைதான். அதனால் எல்லா வாசலையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும் என்றுதான் அதிலிருந்து தெரிகிறது. எரிவாயு வருமானத்தைப் பாருங்கள். அரசின் எண்ணெய் எரிவாயு நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதிக்க ஓராண்டு ஆனது. அமெரிக்கா அதன் நிதிச் சேவைகளைத் தடுக்க 2023 அக்டோபர் ஆனது. இரண்டரை ஆண்டுக்கும் மேலான அந்த இடைவெளியில் அந்நியச் செலாவணி வந்துகொண்டே இருந்தது.

உதவிப் பொருள் விஷயமும் இதே மாதிரிதான். 2008இல் நர்கிஸ் புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தும் காணாமலும் போனபோது, வெளிநாட்டு உதவியை வாரக்கணக்கில் தடுத்து நிறுத்தினார்கள் தளபதிகள். 2023இல் மோக்கா புயலடித்த ரக்கைனில் உதவி அமைப்புகளின் பயண அனுமதியை ரத்து செய்தார்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலேயும் சகாயிங்கும் இடிந்து 3,700க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகும் விமானத் தாக்குதல் நிற்கவில்லை. மூன்று முறை நடந்த ஒன்றை நான்காம் முறையும் நேபிடோவின் அனுமதிக்காகக் காத்திருந்து சந்திக்க வேண்டியதில்லை. தாய்லாந்து, மிசோரம் எல்லைகளில் சிறு உள்ளூர்க் குழுக்கள் அரிசியும் மருந்தும் தலைச்சுமையாகக் கொண்டுபோகின்றன. அவற்றின் கையில் பணத்தைக் கொடுக்கலாம்.

நீதிமன்றங்களின் பாதை மெதுவானது, ஆனால் மூடவில்லை. காம்பியா தொடுத்த இனப்படுகொலை வழக்கு சர்வதேச நீதிமன்றத்தில் நடக்கிறது. 2024 நவம்பரில் மின் ஆங் லைங்கைக் கைது செய்ய உத்தரவிடும்படி சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் மனு செய்தார். 2025 பிப்ரவரியில் அர்ஜென்டினா நீதிமன்றம் ஒன்று கைது உத்தரவே பிறப்பித்தது. அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி அவர் தேர்தல் நடத்தத் தொடங்கினார். 2020இல் வென்ற சூச்சியின் கட்சியை 2023இலேயே கலைத்தாகிவிட்டது. நாட்டின் பெரும் பகுதிகளில் வாக்குச் சாவடியே இருக்கவில்லை. தேர்தலைக் குறை சொல்வதைத் தண்டிக்கத் தனிச் சட்டம். இதை ஜனநாயகத்துக்குத் திரும்பும் பாதை என்று எந்த அரசாவது ஏற்றுக்கொண்டால், மேலே சொன்ன வாசல்கள் எல்லாம் தாமாகவே திறந்துகொள்ளும்.

சகாயிங் கிராமங்களில் இன்று பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்திலேயே பதுங்கு குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். விமானச் சத்தம் கேட்டால் குழந்தைகள் புத்தகத்தைப் போட்டுவிட்டு அதில் இறங்குகிறார்கள். அந்த ஊர்களுக்காகப் பேசும் மியான்மர் அமைப்புகள் இப்போது படை அனுப்பச் சொல்லிக் கேட்பதில்லை. விமான எரிபொருளை நிறுத்துங்கள் என்கிறார்கள்.